நடந்துகொண்டே தண்ணீர் குடிக்க எது உகந்தது: குழாய் வைத்த நீர்ப்பையா, பாட்டிலா?

பாலக்கோட்டு நடையன்:

அனைவருக்கும் வணக்கம். மலை நடையின்போது நிற்காமலும் பையை இறக்காமலும் தண்ணீர் குடிக்க உதவும், குழாய் வைத்த நீர்ப்பை ஒன்றை அப்பாவுக்கு வாங்க எண்ணியிருக்கிறேன். பயன்படுத்திப் பழகியவர்களின் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது.

அப்பாவுக்கு 63 வயது. சென்ற ஏப்ரலில் தீர்த்தமலையில் படியேறிக்கொண்டிருந்தபோது பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்த பிறகு அரை மணி நேரத்தில் தெளிந்தார். அவருடைய பையைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. பக்கவாட்டில் செருகியிருந்த ஒரு லிட்டர் பாட்டிலின் மூடி திறக்கப்படவே இல்லை. ஒரு கையில் தடி இருந்தது, மறு கையால் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்; பாட்டிலை எடுக்க வேண்டுமானால் நின்று பையைக் கழற்ற வேண்டும். பின்னால் வருகிறவர்களை எதற்காகக் காக்கவைப்பது என்று நினைத்து, மேலே போய்க் குடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

வரும் குளிர்காலத்தில் முதலில் இராயக்கோட்டை மலைக்கோட்டையும் மறுபடி தீர்த்தமலையும், உடம்பு ஒத்துழைத்தால் வனத்துறையின் அனுமதி பெற்றுக் குத்திராயன் சிகரமும் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு லிட்டர் பை போதுமா, மூன்று லிட்டர் வேண்டுமா? திருகு மூடி நல்லதா, மேற்புறம் முழுவதும் திறக்கும் வகை நல்லதா? சாதாரண பாட்டிலிலேயே குழாய் பொருத்தும் மூடிகள் கிடைக்கின்றன என்கிறார்களே, அவை போதுமா?

மேலகிரி நடை:

தம்பி, அப்பா நலமாக இருப்பது மகிழ்ச்சி. நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பத்து ஆண்டுகளாகக் குழாய்ப் பையோடுதான் நடக்கிறேன்; இதுவரை மூன்று பைகளை மாற்றியிருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கொள்ளளவைக் கேட்கிறார்கள். பையின் வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. என் முதல் பைக்கு மூன்று விரல்கூட நுழையாத சிறிய திருகு மூடி. குழாயடியில் பிடித்து நிரப்புவதற்கு அது மிகவும் வசதியாக இருந்தது. ஆனால் உள்ளே கை போகாததால் மூலைகளைத் தேய்த்துக் கழுவ முடியவில்லை. கவிழ்த்துத் தொங்கவிட்டாலும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஈரம் காயவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. மேற்புறம் முழுவதும் திறந்து, மடித்து, ஒரு பட்டையைச் செருகி மூடும் வகையில் கை முழுவதும் உள்ளே போகும். சில பைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டே கழுவலாம். அடிபம்பில் நிரப்பும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அடிக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிரமம். அப்பாவோடு நீங்களும் போவதால் அது உங்களுக்கு ஒரு பொருட்டாகாது.

கொள்ளளவைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 63 வயதுக்காரரின் முதுகில் மூன்று கிலோ தண்ணீரை ஏற்றிவிட்டு அதற்கு மேல் சாப்பாடும் துணியும் வைப்பது நியாயமில்லை. அவருக்கு இரண்டு லிட்டர் வாங்குங்கள். மூன்று லிட்டர் பையை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். நிரப்பிய பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியேற்றிவிட்டால், நடக்கும்போது முதுகில் தண்ணீர் குலுங்கும் ஓசை இருக்காது. யானை நடமாட்டமுள்ள காட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறபோது அந்த ஓசை பெரிய இடையூறு.

இந்தப் பைகளில் உண்மையான குறை ஒன்று உண்டு. எவ்வளவு மீதமிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காற்றை உறிஞ்சுகிற சத்தம் வரும்போதுதான் தீர்ந்தது தெரியும். அதற்குள் அடுத்த தண்ணீருக்கு இரண்டு மணி நேர நடை இருக்கலாம். ஆகவே பையோடு மூடி திறக்காத அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எப்போதும் தனியாக வைத்திருங்கள். பை தீர்ந்து அந்தப் பாட்டிலைத் தொடுகிற நேரமே திரும்புவதற்கான நேரம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். சூரைமுள்ளோ சீமைக்கருவேல முள்ளோ பையைக் குத்திவிட்டாலும் அந்த அரை லிட்டர்தான் கைகொடுக்கும்.

பென்னாகரம் ஆசிரியர்:

மேலகிரி நண்பர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் நான் பாட்டில் பக்கம்தான். குழாய்ப் பையை ஓராண்டு பயன்படுத்திவிட்டுக் கைவிட்டவன் நான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வரும் பேருந்தில் பையைக் காலடியில் வைத்திருந்தேன். யாருடைய மூட்டையோ அதன்மேல் சாய்ந்து, குழாயின் நுனி வால்வு அழுந்தி, பக்கத்தில் இருந்த அம்மாவின் அரிசி மூட்டை வரை நனைந்துவிட்டது. இறங்கியபோது பையில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லை. அந்த அம்மாவிடம் நான் கேட்ட மன்னிப்பு இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது தோள்பட்டை வாரின் முன்புறத்தில், நெஞ்சுக்கு நேராக, அரை லிட்டர் பாட்டில் நிற்கும்படி துணிப்பை ஒன்றைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பையைக் கழற்ற வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் எவ்வளவு மீதம் என்பது தெரியும், எந்தக் கடையிலும் அடிபம்பிலும் நிரப்பலாம், கழுவுவதும் எளிது. அப்பாவுக்குத் தேவைப்படுவது தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதுதான் என்றால், அதற்குக் குழாய் கட்டாயமில்லை.

அரூர் செவிலி:

தம்பி, மருத்துவமனையில் சலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியான பாட்டிலில் வரும் சலைனுக்குக் காற்றுப் போக ஒரு ஊசியைக் குத்தி வைப்போம். இல்லாவிட்டால் சொட்டு மெல்ல மெல்ல நின்றுவிடும். மெத்தென்ற பையில் வரும் சலைனுக்கு அது தேவையில்லை, திரவம் இறங்க இறங்கப் பையே சுருங்கிக்கொள்ளும். நீங்கள் கேட்கும் இரண்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நீர்ப்பை தானாகச் சுருங்குவதால் எளிதாக உறிஞ்சலாம். பாட்டில் மூடியில் குழாய் பொருத்துவதானால், அந்த மூடியில் காற்று உள்ளே போக மட்டும் திறக்கும் சிறிய வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு மடக்குக்கும் பாட்டில் நசுங்கி, உறிஞ்சவே மூச்சு வாங்கும். வயதானவர் இரண்டு முறை முயன்றுவிட்டுப் பேசாமல் விட்டுவிடுவார்.

எவ்வளவு குடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் உழைப்பவர்களுக்கு அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் அறிவுரை, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சுமார் 240 மில்லி குடிக்க வேண்டும் என்பது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே தலைவலி, வாந்தி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். எனவே அப்பா கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் குடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதில் குழாய்க்குத்தான் என் வாக்கு. பாட்டிலை எடுப்பவர்கள் தாகம் முற்றிய பிறகு ஒரேயடியாகக் குடிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். கரைசலை நீர்ப்பையில் ஊற்றாதீர்கள். அதில் குளுக்கோஸ் இருக்கிறது. குழாயில் தங்கிவிட்டால் பூஞ்சைக்கு அதுவே உணவு. பையில் வெறும் தண்ணீரும் தனி பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்.ஸும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதியைக் கொட்டினால் உப்பின் அளவு தவறிவிடும். அப்பா இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா? அப்படியானால் நடைக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாலக்கோட்டு நடையன்:

மிக்க நன்றி, அக்கா. இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன பேருந்துச் சம்பவத்தைப் படித்தபின் வால்வைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாராவது விளக்க முடியுமா? கடையில் ஒரு பையைத் திறந்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாடை தூக்கலாக இருந்தது.

ஓசூர் வார்ப்படம்:

நான் ஓசூரில் பிளாஸ்டிக் வார்ப்படத் தொழிற்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன்.

வால்வின் நுனி பெரும்பாலும் சிலிக்கோனால் ஆனது. நடுவில் ஒரு கீறல் இருக்கும். பல்லால் மெல்ல அழுத்தினால் கீறல் விரிந்து தண்ணீர் வரும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பல்லுக்கும் மூட்டைக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. எது அழுத்தினாலும் திறக்கும். அதனால் வால்வுக்குக் கீழே திருகியோ தள்ளியோ குழாயையே அடைக்கும் தனிப் பூட்டு இருக்கிற பையை மட்டும் வாங்குங்கள். ஆசிரியர் ஐயாவின் பையில் அந்தப் பூட்டு இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது திறந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். பேருந்தில் ஏறும்போதெல்லாம் பூட்டுவது ஒரு பழக்கமாகிவிட வேண்டும்.

செவிலி அக்கா சலைன் பையைச் சொன்னது பொருத்தமானது, ஏனெனில் இந்தப் பொருள் பிறந்ததே அதிலிருந்துதான். 1989-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், கடும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு, அவசர மருத்துவப் பணியாளரான மைக்கேல் ஐட்சன் என்பவர் ஒரு சலைன் பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகுப்புறத்தில் குத்திக்கொண்டார். குழாயைத் தோள்வழியே முன்னால் கொண்டுவந்து, துணி கிளிப்பால் அடைத்துக்கொண்டார். இத்தகைய நீர்ப்பைகளைத் தயாரிக்கும் கேமல்பேக் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அந்தத் துணி கிளிப் செய்த வேலையைத்தான் இன்றைய பூட்டும் செய்கிறது.

வாடையைப் பொறுத்தவரை, இப்போது வரும் பைகளில் பல டி.பி.யு. என்ற பாலியூரித்தேன் வகையால் ஆனவை. அது நன்றாக வளைந்து கொடுக்கும், எளிதில் கிழியாது, ஆனால் புதிதாக இருக்கும்போது வாடை அடிக்கும். பாலிஎத்திலீன் பூச்சுள்ள பைகளில் வாடை குறைவு. எதுவானாலும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் எலுமிச்சைச் சாறு கலந்த நீரால் அலசினால் பெரும்பகுதி போய்விடும். கொதிக்கிற நீரை ஊற்றாதீர்கள், ஒட்டு விட்டுவிடும். சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும், உடலுக்குக் கேடு என்று ஐயப்படும் பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாய் பையோடு சேருமிடத்தில் பொத்தானை அழுத்தினால் கழன்று வரும் இணைப்பு இருப்பது நல்லது. குழாயை முதுகுப் பையிலேயே விட்டுவிட்டு நீர்ப்பையை மட்டும் எடுத்து நிரப்பலாம். இன்னொன்று, வெயிலில் குழாயில் நிற்கும் தண்ணீர் சூடாகிவிடும். குடித்து முடித்ததும் வால்வைக் கடித்தபடியே ஒரு முறை உள்ளே ஊதிவிட்டால் குழாயில் நிற்பது பைக்குத் திரும்பிவிடும், அடுத்த மடக்கு குளிர்ச்சியாக இருக்கும். குழாயை நீளத்துக்கு வெட்டுவதானால், பையில் தண்ணீரை நிரப்பி, அப்பாவின் முதுகில் மாட்டி, அவர் தலையை இரு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

பென்னாகரம் ஆசிரியர்:

ஓசூர் நண்பருக்கு நன்றி. என் பையில் பூட்டு இல்லை என்பதே உண்மை.

எந்தப் பை என்பதை முடிவு செய்துவிடுவீர்கள். அதில் எந்தத் தண்ணீர் என்பதை யாரும் இன்னும் கேட்கவில்லை. நம் மாவட்டங்களில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறேன். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பல்லில் பழுப்புப் பட்டைகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி என்பதால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

மலையடிவாரத்து அடிபம்பில் ஒரு நாள் நிரப்பிக் குடிப்பதால் பல் கறையாகிவிடாது. அந்தப் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் சேர்வது. ஆனால் வாரந்தோறும் நடப்பவர்கள் ஒரே போர் தண்ணீரையே நிரப்பிக்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். குழாயோடு பொருத்தும் சிறு வடிகட்டிகள் 0.1 மைக்ரான் துளையால் பாக்டீரியாவைத் தடுக்கும். நீரில் கரைந்திருக்கும் ஃபுளூரைடைத் தடுக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகக் குறைவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குளோரின் மாத்திரையும் கிருமிக்குத்தான். எனவே வீட்டிலிருந்தே கூட்டுக் குடிநீரையோ ஆர்.ஓ. நீரையோ நிரப்பிக்கொண்டு போய், அன்றைய நடைக்கு அதுவே போதும்படி திட்டமிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக, என் அரை லிட்டர் பாட்டிலை விட உங்கள் இரண்டு லிட்டர் பை மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேலகிரி நடை:

ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: நம் ஊர் போர் நீர் கடினமானது, குழாயின் உட்சுவரில் வெள்ளையாக உப்புப் படியும். நான் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அன்றிரவே கழுவிவிடுகிறேன். மறுநாள் என்று வைத்தால் அந்த வாரமே போய்விடுகிறது. பையைச் சோப்பு நீரால் கழுவி, குழாயைத் தனியே கழற்றி, நீளமான கம்பியில் தூரிகை வைத்த பிரஷை ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுக்கிறேன். உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். வால்வின் சிலிக்கோன் நுனியைப் பிரித்து எடுத்துக் கழுவ வேண்டும். எச்சில் தங்கி முதலில் வழவழப்பாவது அந்த இடம்தான்.

கழுவுவதை விடக் காயவைப்பதுதான் கடினம். குழாயின் ஒரு முனையைப் பிடித்து, ஆள் இல்லாத பக்கமாகச் சாட்டையைப் போல் சுழற்றினால் உள்ளே நிற்கும் துளிகள் தெறித்துவிடும். பையின் வாய்க்குள் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் ஒட்டாதபடி நிழலில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் காயவே காயாது என்றால், நன்றாக வடித்துவிட்டு அப்படியே குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் பூஞ்சை வளராது. நீர்மோரோ பழச்சாறோ ஒரு நாளும் அதில் ஊற்றாதீர்கள். நன்னாரி சர்பத்தை ஊற்றி ஒரு பையை நான் பாழாக்கியிருக்கிறேன், மணம் மாதக்கணக்கில் போகவில்லை.

பாலக்கோட்டு நடையன்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். மேற்புறம் முழுவதும் திறக்கும் இரண்டு லிட்டர் பை, தனிப் பூட்டோடு வாங்கினோம். மருத்துவரையும் பார்த்துவிட்டோம், அப்பா எடுத்துக்கொள்வது சிறுநீர் பெருக்கும் மாத்திரை இல்லை.

இராயக்கோட்டையில் ஒத்திகை பார்த்தபோது நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. அப்பாவுக்கு முன்பற்கள் கட்டுப்பல். வால்வைக் கடித்தால் பல்செட் அசைகிறது என்று கூச்சத்தோடு சொன்னார். முதல் ஒரு மணி நேரம் குடிப்பதுபோல் வெறுமனே வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடிக்கத் தேவையில்லாமல், இழுத்தால் திறந்து தள்ளினால் மூடும் நுனி தனியாகக் கிடைத்ததை வாங்கி மாற்றிவிட்டோம். இப்போது உதட்டால் உறிஞ்சினாலே போதும். குழாய் தொங்காமல் நெஞ்சுப் பட்டையில் ஒட்டி நிற்கக் காந்தக் கிளிப் ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். அது தேவைதானா?

அரூர் செவிலி:

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் காந்தக் கிளிப் கூடாது. காந்தத்தை அதன் அருகில் நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்திருக்கவில்லை என்றால் தீங்கில்லை, ஆனாலும் சாதாரண பிளாஸ்டிக் கிளிப்பே போதும். கட்டுப்பல் விஷயத்தை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். வார்டில் பெரியவர்களுக்கு ஸ்ட்ரா கொடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பாலக்கோட்டு நடையன்:

பேஸ்மேக்கர் இல்லை, அக்கா. பிளாஸ்டிக் கிளிப்பே வாங்கிவிட்டேன். சென்ற ஞாயிறு தீர்த்தமலை போய்வந்தோம். காலை ஆறரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். கிளம்பும்போது பையில் அளந்து இரண்டு லிட்டர் ஊற்றினேன். கீழே இறங்கி வந்து மீதத்தை அளந்தபோது 700 மில்லி இருந்தது. அரை லிட்டர் பாட்டிலின் மூடி இந்த முறையும் திறக்கப்படவில்லை. பை இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில், களி கிண்டும் துடுப்பு குறுக்கே வைக்கப்பட்டு, நிழலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கழுவியது அப்பாதான்.